பிரேக் ஐயா சொல்லும் வரை

என் மருமகளை மூன்று தடவை தோற்கடித்தது ஒரு கறுப்பு ஷூ.

அந்த ஷூவுக்குள் இருந்த கால் லைசென்ஸ் ஆபீஸ் அதிகாரியுடையது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. பிரேக் ஐயா என்றால் எல்லோருக்கும் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளின் வண்டியில், பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்கிறவர் எதிலாவது கொண்டுபோய் மோதப் பார்த்தால், பக்கத்தில் இருப்பவர் அழுத்தி நிறுத்திவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பரீட்சை அன்றைக்கு அந்த சீட்டில் பிரேக் ஐயா உட்காருவார். அவர் கால் அந்த பிரேக்கை அழுத்தினால் நாம் ஃபெயில். ஏன் அழுத்தினார் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அதற்கும் சேர்த்து ஃபெயில்.

முதல் தடவை ஒரு நாய் குறுக்கே வந்தது என்று மருமகள் வேகத்தைக் குறைத்தாள். அழுத்தினார். "நான் குறைக்கச் சொன்னேனா?" என்றார். இரண்டாம் தடவை முச்சந்தியில், "சார், இப்படியா அப்படியா?" என்று கேட்டாள். அழுத்தினார். "நான் சொன்னா திரும்பணும். சொல்லலைன்னா கேக்கக் கூடாது" என்றார். மூன்றாம் தடவை நடுரோட்டில் மூடியில்லாத சாக்கடைக் குழி. நிறுத்திவிட்டாள். நின்ற வண்டியிலேயே அவர் பிரேக்கை அழுத்தினார். "யார் நிறுத்தச் சொன்னது?"

எனக்குப் படிப்பு குறைவு. மூன்றாம் வகுப்போடு வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் பிடிக்காமல் பிரிந்துவிட்டோம். பிறகு வாழ்க்கை முழுக்கப் பஞ்சர் கடைதான். டியூப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால்தான் எங்கே குமிழி விடுகிறது என்று தெரியும். மனிதனை அமுக்கிப் பார்க்கத் தொட்டி கிடையாது. அதனால் நான் எவனையும் நம்புவதில்லை. சட்டையில் பேனா குத்தியவனைச் சுத்தமாக நம்புவதில்லை. யார் என்ன சொன்னாலும் "ஏன்?" என்று ஒரு கேள்வி போடாமல் நான் நகர்ந்ததே இல்லை.

ஆனால் இந்த நாலாவது தடவை கேள்வி கேட்கிற நேரம் இல்லை. என் மகன் ஏணியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தான். பெயின்ட் அடிக்கிறவன் அவன். கால் இல்லாமல் சுவர் ஏற முடியாது. சலவைக் கடை அம்மாள் ஒருத்தி, ஆஸ்பத்திரிகளுக்குப் போர்வை கொண்டுபோகும் வேனை ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தாள். மருமகளிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்: "திங்கக்கிழமை காலையில லைசென்ஸோட வந்தா வேன் உன்னது. வரலைன்னா என் கொழுந்தனாருக்கு. அவன் தண்ணி போட்டுட்டு ஓட்டுவான், ஆனா லைசென்ஸ் வச்சிருக்கான்."

பரீட்சை வெள்ளிக்கிழமை. நானும் கிளம்பினேன்.

"நீங்க எதுக்கு?" என்றாள் என் வீட்டுக்காரி.

"பின்னாடி உக்காந்து பாக்கறதுக்கு. வீட்டு ஆள் ஒருத்தர் உக்காரலாம்னு ரூல் இருக்கு. அந்தாளு என்ன தில்லுமுல்லு பண்றான்னு பாக்கணும்."

"வாயைத் தொறந்து அவ பொழப்பைக் கெடுத்துடாதீங்க."

"தொறக்கவே மாட்டேன்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அன்றைக்கு பிரேக் ஐயாவுக்கு ஜலதோஷம். மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர். அதை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி. எங்கள் கண் முன்னாலேயே மாத்திரை ஒன்றைப் போட்டு, அது போதாது என்று இன்னொன்றையும் போட்டார். மைதானத்தில் நல்ல கூட்டம். ஸ்கூட்டரில் ஒரு டீச்சரம்மா, ஆட்டோவில் ஒரு மீசைக்காரர், தண்ணீர் லாரியில் ஒருவர், எல்லோருக்கும் கடைசியில் ரோடு ரோலரில் ஒருவர். எல்லா வண்டியிலும் சிவப்பு எல் பலகை. ஒவ்வொருவரையாகப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

"எல்லாரும் இந்த கார் பின்னாலயே வாங்க," என்றார். "நான் கண்ணாடியில பாத்துக்கறேன். கார் எங்க போகுதோ அங்க. முந்தக் கூடாது, திரும்பக் கூடாது, சந்தேகம் கேக்கக் கூடாது."

"சரிங்க ஐயா" என்றது கூட்டம். ஒருத்தர் பாக்கி இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அவர் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டார். ஷூக்காலைத் தூக்கி பிரேக்குக்கு மேலே, தொட்டும் தொடாமலும் நிறுத்தினார். "நேராப் போ. நான் சொல்ற வரைக்கும் நேராப் போ."

மருமகள் கிளப்பினாள். ஒரு குலுக்கல் இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

எப்போதும் தபால் ஆபீஸ் பக்கத்தில் இடப்பக்கம் திரும்பச் சொல்வார். தபால் ஆபீஸ் வந்தது, போனது.

"மாமா," என்றாள் மெதுவாக. "தபால் ஆபீஸ் போயிடுச்சு."

"பாத்தேன்."

"சார் ஒண்ணும் சொல்லலை."

நான் முன்னால் எக்கி, கறுப்புக் கண்ணாடியின் பக்கவாட்டு இடைவெளியில் பார்த்தேன். இமை மூடியிருந்தது. மூக்கிலிருந்து, வால்வு சரியாக மூடாத டியூப் மாதிரி, மெல்லிய விசில்.

"தூங்கறாரும்மா."

"தூங்கட்டும். காலைப் பாருங்க."

பார்த்தேன். மனிதர் முழுக்கத் தூங்கிவிட்டார், கால் மட்டும் வேலையில் இருந்தது. ஷூவின் நுனி பிரேக்குக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் தொங்கியது. ரோட்டில் ஒரு மேடு வந்தால் போதும், கால் விழும், வண்டி நிற்கும், திங்கட்கிழமை வேன் கொழுந்தனாருக்குப் போகும்.

"எழுப்பு."

"எழுப்பி என்ன சொல்றது மாமா? தூங்கினீங்கன்னா?"

அது உண்மைதான். உலகத்தில் எந்த அதிகாரியிடமும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு எவரும் பாஸானதில்லை. நான் ஒரு யோசனை செய்து, தற்செயலாக வருகிற மாதிரி இருமினேன். ஷூ துடித்தது.

"மாமா! இருமாதீங்க!"

அடக்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. பின்னால் திரும்பிப் பார்த்தால் டீச்சரம்மா நிமிர்ந்த முதுகோடு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆட்டோ, லாரி, தூரத்தில் புகை விட்டுக்கொண்டு ரோலர். கல்யாண ஊர்வலத்துக்குக் கூட இவ்வளவு ஒழுங்காக ஆட்கள் வந்து நான் பார்த்ததில்லை.

"அம்மாடி, நான் சொல்றதைக் கேளு. அடுத்த தெருவுல வலது பக்கம் திருப்பு. சுத்தி ஆபீசுக்கே போயிடலாம்."

"சார் சொல்லலையே."

"நான் சொல்றேன்ல?"

"நீங்க லைசென்ஸ் குடுப்பீங்களா மாமா?"

மரியாதையாகத்தான் கேட்டாள். இருந்தாலும் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் ஜன்னல் திறப்பதிலிருந்து டிவியில் என்ன ஓடுவது என்பது வரை நான் சொன்னதுதான். "ஏன்?" என்று என்னிடம் யாரும் கேட்கக் கூடாது. அது என் வீடு. அதை வேறு எதோடும் சேர்த்துப் பேசக் கூடாது.

சிக்னல் வந்தது. சிவப்பு. மருமகள் முகம் வெளுத்துவிட்டது. நின்றால் 'யார் நிறுத்தச் சொன்னது' வரும். நிற்காவிட்டால் போலீஸ் வரும். வண்டி ஊர்ந்தது. நடுவில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரர் கையைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேல் பாய வந்தவர், முன் சீட்டைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை, அசையாத முகம். பின்னால் வரிசையாக, எல்லாம் ஒரே மாதிரி சிவப்புப் பலகை மாட்டிய வண்டிகள். தூக்கிய கை அப்படியே நெற்றிக்குப் போய் சல்யூட்டாக மாறியது. குறுக்கே வந்த பஸ்ஸை விசில் ஊதி நிறுத்தினார். பஸ்காரன் ஏதோ கத்த, "வாயை மூடுய்யா, யார் போறதுன்னு தெரியுமா?" என்றார். அவருக்கும் தெரியாது.

அதோடு விடவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து, சைரனைப் போட்டு, வழி விலக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

பிறகு சொல்ல வேண்டுமா? ரோட்டோரத்தில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். சைக்கிளில் போனவர் இறங்கிக்கொண்டார். முடிவெட்டும் கடையிலிருந்து பாதித் தலையோடு ஒருவர் வெளியே வந்து கும்பிட்டார். "யாரு வர்றது?" என்று கேட்டவரிடம் தண்ணீர் லாரிக்காரர் ஜன்னல் வழியே சொன்னது எனக்கே கேட்டது: "பெரியவர் முன்னால இருக்காரு. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. வரச் சொன்னாங்க, வரோம்."

ரோடு ஒரு சோப்புத் தொழிற்சாலையின் கேட்டில் போய் முட்டியது. இடமும் போகலாம், வலமும் போகலாம். நேராக கேட்தான்.

"இப்பவாவது நிறுத்தும்மா."

"நேரான்னுதான் சொன்னாரு" என்றாள். அழுகிற மாதிரி இருந்தது குரல்.

வாட்ச்மேன் வந்து குனிந்தார். "யாரைப் பாக்கணும்?"

"நேராப் போகணும்" என்றாள் மருமகள்.

அவர் முன்னால் நிற்கும் போலீசைப் பார்த்தார், சீட்டில் இருப்பவரைப் பார்த்தார், கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டார். என்னிடம் மட்டும் ஜன்னல் வழியே, "பெரியவரே, நீங்க யாரு?" என்றார். என்னைப் பார்த்தால் மட்டும் எல்லோருக்கும் கேள்வி வந்துவிடும்.

உள்ளே ஒரே சோப்பு வாசனை. வேலைக்காரர்கள் பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். மேனேஜர் என்று ஒருவர் சட்டையைப் பேன்ட்டுக்குள் திணித்துக்கொண்டே ஓடி வந்து, காரோடு சேர்ந்து ஓடினார்.

"சார், அந்தக் கழிவுக் குழாயை மாத்தச் சொல்லியாச்சு சார்! தற்காலிகமாத்தான் சார் ஆத்துல விடறோம்! இந்த வாரத்துக்குள்ள மாத்திடறோம் சார், சரிங்களா சார்?"

கார் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பிரேக் ஐயாவின் தலை முன்னும் பின்னும் ஆடியது.

"ரொம்ப நன்றிங்க சார்!" என்று மேனேஜர் அங்கேயே நின்று கும்பிட்டார். நான் காலைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆட்டத்துக்கும் ஷூ கீழே விழவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவனுக்கு, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மட்டும் வராது.

பின் கேட்டையும் திறந்துவிட்டார்கள். அங்கிருந்து மண் பாதை. ரோலரை எங்கும் காணோம். பாதையின் முடிவில் சரிவான சிமெண்டுத் தளம். வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் பெரிய படகு வந்து நிற்கும் இடம். படகு அக்கரையில் இருந்தது. எங்களுக்கு முன்னால் ஆறு மட்டும் இருந்தது.

முன்னால் போன போலீஸ்காரர் தண்ணீரின் ஓரத்தில் வேகத்தைக் குறைத்து, எங்களைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் காரிலிருந்து ஒரு சைகையும் வரவில்லை. கொஞ்சம் முன்னால் போனார். மறுபடி பார்த்தார். முன் சக்கரம் தண்ணீரில் இறங்கியது. அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரிந்தது, ஆனால் சைரனை அணைக்கவில்லை.

"நிறுத்து!" என்று கத்தினேன்.

"மாமா, மூணு தடவையும் நானா ஏதோ பண்ணினதுக்குத்தான் ஃபெயில் ஆனேன். நாய்க்குக் குறைச்சேன், ஃபெயில். கேட்டேன், ஃபெயில். குழிக்கு நின்னேன், ஃபெயில். இதுவும் போச்சுன்னா வேன் போயிடும் மாமா. அவருக்குக் கால் சரியாகற வரைக்கும் வீட்ல என்ன பண்றது?"

"ஆத்துக்குள்ள போனா வீடே இல்லடி!"

கார் சரிவில் இறங்கியது. முன் டயர்கள் தண்ணீரில் சளக்கென்று இறங்கின. மருமகள் பிரேக் ஐயாவைப் பார்த்தாள். அவர் வாய் மூடியிருந்தது. ஆற்றைப் பார்த்தாள்.

பிறகு நிறுத்தினாள். காலால் ஒரு அழுத்து, கையால் ஹேண்ட்பிரேக் ஒரு இழுப்பு. இன்ஜினையும் அணைத்துவிட்டாள். பின்னால் ஸ்கூட்டர் நின்றது, ஆட்டோ நின்றது, லாரி புஸ்ஸென்று மூச்சு விட்டு நின்றது.



"யார் நிறுத்தச் சொன்னது?" என்றார் பிரேக் ஐயா.

விசில் இல்லை, கொட்டாவி இல்லை. நல்ல தெளிவான குரல். இப்போதுதான் எழுந்தவன் குரல் அல்ல அது.

"யாரும் சொல்லலை சார்," என்றாள் மருமகள். ஸ்டியரிங்கை விடவில்லை. "நான்தான் நிறுத்தினேன்."

"யாரும் சொல்லலையா?"

"இல்ல சார்."

"மேலேருந்து...?"

"மேலேருந்துன்னா?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே இருந்தது பயந்துபோன ஒரு சாதாரண ஆள். என் கடைக்குப் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற ஆட்களின் முகம்.

"நான் சிக்னல்லயே முழிச்சிட்டேன்," என்றார். "பாத்தா போலீஸ் சல்யூட் அடிக்கிறாரு. முன்னாடி சைரன். ஜனம் கும்பிடுது. ஏதோ பெரிய உத்தரவு வந்திருக்கு, நான் தூங்கினதுல எனக்கு மட்டும் தெரியாமப் போச்சுன்னு நெனச்சேன்."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "யோவ், அப்ப எங்களைக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா, உத்தரவு என்னன்னே தெரியாம உக்காந்திருக்கான் பாருன்னு நெனைப்பீங்களே."

"சோப்பு கம்பெனியில தலையாட்டினது?"

"அந்தாளு சரிங்களான்னு கேட்டாரு. சரின்னுட்டேன்."

"ஆத்துக்குள்ள போயிருந்தா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "எல்லாரும்தானே போறோம்னு இருந்தேன்" என்றார்.

நான் எதையாவது சொல்லித் தொலைத்திருப்பேன். அதற்குள் அவருக்குத் தன் உத்தியோகம் ஞாபகம் வந்துவிட்டது. தொண்டையைச் செருமினார். "இருந்தாலும், சொல்லாம நிறுத்தினது நிறுத்தினதுதான்" என்று ஆரம்பித்தார். ஷூ தானாகக் கீழே இறங்கி, நின்றுபோன வண்டியின் பிரேக்கை அழுத்தியது.

மருமகள் அந்தக் காலையே பார்த்தாள். மூன்று தடவையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் கால்.

"காலை எடுங்க" என்றாள்.

எடுத்துவிட்டார்.

எடுத்ததும் அவளுக்கே ஆச்சரியம். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் சத்தமாக, "இறங்கிப் பின்னாடி போய் உக்காருங்க" என்றாள்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். கணுக்கால் ஆழம் தண்ணீர். கறுப்பு ஷூ உள்ளே போய், சளக் சளக்கென்று வெளியே வந்தது. பின் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடினார்.

போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். சல்யூட் இப்போது ஓட்டுகிற பக்கத்து ஜன்னலுக்கு. "அடுத்து என்னங்க மேடம்?"

"எல்லாரும் ரிவர்ஸ் எடுங்க. லாரி முதல்ல. ஆத்தோர ரோடு வழியாத் திரும்பிப் போறோம்."

"எல்லாரும் ரிவர்ஸ்!" என்று அவர் கூவினார். டீச்சரம்மா ஸ்கூட்டரைத் திருப்பினாள், மீசைக்காரர் ஆட்டோவைத் திருப்பினார். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். தலைச்சுமையை யாரோ கை கொடுத்து இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. பயந்து கீழ்ப்படிகிறார்கள் என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பயம் பாதிதான். மீதி, யோசிக்கிற வேலை நம் தலையில் இல்லை என்கிற நிம்மதி. சொல்கிறவன் தூங்கினாலும் அந்த நிம்மதி குறைவதில்லை. தூங்கினால் இன்னும் நல்லது, ஒன்றும் மாற்றிச் சொல்ல மாட்டான்.

"மாமா, நீங்க முன்னாடி வாங்க" என்றாள்.

போனேன். உட்கார்ந்ததும் என் காலுக்குக் கீழே அந்தப் பிரேக். சத்தியமாகச் சொல்கிறேன், வண்டி கிளம்பிய நிமிஷத்திலிருந்து என் கால் அரித்தது. வளைவில் அழுத்தலாம் போல் இருந்தது, மாடு வந்தால் அழுத்தலாம் போல் இருந்தது, மாடு வராவிட்டாலும் அழுத்தலாம் போல் இருந்தது. இதைக் கொடுத்து ஒரு ஆளைத் தினமும் உட்கார வைத்தால் அவன் வேறு என்ன ஆவான்?

"மாமா, காலை மடக்கி சீட்டு மேல வையுங்க."

"ஏன்?" என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடிக்கொண்டது. என் முழங்கால் என் பேச்சைக் கேட்டே பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டு மடங்கியது. ஆபீஸ் வரைக்கும் சம்மணம் போட்டுத்தான் வந்தேன். பின்னாலிருந்து பிரேக் ஐயா என் தோளைத் தட்டி, ரகசியமாக, "அவங்களைக் கேளுங்களேன், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக்கலாமான்னு" என்றார்.

ஆபீசில் அவர் ஈர ஷூவோடு நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார்.

"என்ன எழுதட்டும்?"

"என்னையா கேக்கறீங்க?"

"சொல்லுங்க. எழுதிடறேன்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "பாஸ்னு எழுதுங்க."

எழுதினார். "அவங்களுக்கு?" என்று வெளியே நின்றவர்களைக் காட்டினார். அத்தோடு வந்துவிட வேண்டியதுதானே? நான் வாசலில் காத்து நிற்கிறேன். மருமகள் ஜன்னல் வழியே ஒவ்வொருவராகப் பார்த்தாள். "டீச்சர் பாஸ். லாரிக்காரர் பாஸ். ஆட்டோ வழி பூரா இண்டிகேட்டரை அணைக்கவே இல்லை. ஃபெயில்" என்றாள்.

மீசைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

திரும்பி வரும்போது, "அவனை எதுக்கும்மா ஃபெயில் போட்டே?" என்று கேட்டேன்.

"தெரியலை மாமா," என்றாள். "கேட்டாரு, சொல்லிட்டேன்." கொஞ்ச தூரம் போனதும் நின்றாள். "நாளைக்குப் போய் மாத்தி எழுதச் சொல்றேன்" என்றாள். போனாள், மாற்ற வைத்தாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் மருமகள் சலவைக் கடை வேனை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தாள். மகன் மாவுக்கட்டோடு நொண்டி வந்து வேனின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தான். என் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் சந்து குறுகல். பின்பக்கமாகத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

"மாமா, மெயின் ரோட்டு முனையில நின்னு வண்டி ஏதும் வருதான்னு பாருங்க. நான் சொல்ற வரைக்கும் அங்கயே நில்லுங்க."

நின்றேன். அழகாக ரிவர்ஸ் எடுத்தாள், திருப்பினாள், ஹாரன் அடித்தாள், போர்வை மூட்டைகளோடு போய்விட்டாள்.

வீட்டுக்காரி வாசலிலிருந்து கத்தினாள். "அவ போயாச்சு! உள்ள வாங்க!"

"இரு."

"எதுக்கு இரு?"

"அவ இன்னும் சொல்லலை."

"நல்லாத்தானே இருந்தீங்க!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் தரை அதிர்ந்தது. மெயின் ரோட்டில், புகை விட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில் ரோடு ரோலர் வந்தது. சிவப்பு எல் பலகை அழுக்காகியிருந்தது. மேலே இருந்த ஆளுக்குத் தாடி முளைத்திருந்தது. அவரை வெள்ளிக்கிழமையே எல்லோரும் மறந்துவிட்டோம்.

"ஐயா!" என்று மேலிருந்து கூப்பிட்டார். "பிரேக் ஐயா கார் இந்தப் பக்கம் போச்சுங்களா?"

"யோவ், அதெல்லாம் முடிஞ்சுபோச்சுய்யா! இன்னுமா ஓட்டிக்கிட்டு இருக்கே? டீசல் யாரு போட்டா?"

"பிரேக் ஐயா வேலைன்னு சொன்னேன், போட்டாங்க."

"நிறுத்திட்டு வீட்டுக்குப் போய்யா! நான் சொல்றேன், போ!"

ரோலர் நிற்கவில்லை. அவர் என் பனியனைப் பார்த்தார், லுங்கியைப் பார்த்தார். "நீங்க யாருங்க சொல்றதுக்கு?" என்றார், கோபமில்லாமல்.

ரோலர் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்து, "ஆமா, நீங்க ஏன் ரோட்டு முனையில நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"என் மருமக நிக்கச் சொன்னா."

"அப்ப நில்லுங்க" என்றார் அவர். எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு நேராகப் போனார்.

நான் நின்றேன்.